மசக்கைக்கு அரைத்த காபி

கடையில் அரைத்துத் தரும் காபித்தூளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. சிக்கரியா, புளியங்கொட்டையா, யார் கண்டது? வறுத்த கொட்டையாக வாங்கி வந்து, கைமிஷினை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நானே அரைத்தால்தான் மனசு ஆறும். "உன்ன மாதிரி சந்தேகப் பிசாசு இந்தச் சித்தூருலயே இல்ல" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே இன்னொரு டம்ளர் கேட்பார்.

அந்த மிஷினுக்கு ஓய்வு வந்தது மகளால். நாயுடுபேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். முதல் கரு தங்கவில்லை. மறுபடி உண்டானதும் மருமகன் கொண்டுவந்து எங்களிடம் விட்டுப்போனார். காபி அரைக்கிற வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டியது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை இந்த வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை என்று நானும் அவரும் கர்த்தரிடம் பொருத்தனை பண்ணினோம். எங்கள் சபையில் பொருத்தனை விளையாட்டுக் காரியமில்லை. மீறினால் அது அந்தப் பிள்ளையின் தலையில் விடிந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

மிஷினைத் துடைத்து, மிச்சமிருந்த கொட்டையோடு சாமான் அறையில் வைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அரிசி எடுக்கப் போனால், அறையில் புது வாசனை. மிஷினின் இழுப்பறையைத் திறந்தேன். ஓரத்தில் புதிதாக அரைத்த பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு யார், அவர்தான்.

"திருட்டுத்தனமா குடிக்கிறியா? பொண்ணு வயித்துல புள்ள கீறது நெனப்பில்லியா?"

"குடிக்கலடி. வேதத்தக் கொண்டா, அடிச்சி சொல்றேன்."

"சத்தியமே பண்ணக் கூடாதுன்னு அதே வேதத்துலதான் போட்டுக்கீது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் விடவில்லை. மிஷினின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மறுநாள் அது கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. வாயை ஊதச் சொன்னேன். பற்பசை வாசனைதான் வந்தது. பல் விளக்கி மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். சந்தேகம் வந்தவளுக்குச் சாட்சிக்கா பஞ்சம்?

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மாடியில் துணி காயப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் பாதிப் படியிலேயே நின்றேன். மிஷின் சுற்றுகிற சத்தம் கேட்டதும் இறங்கி ஓடினேன். அறையில் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தது என் மகள். இழுப்பறையை உருவி மூக்கருகே வைத்து இழுத்தாள். காத்திருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிக் கொல்லைக்கு ஓடினாள். வாந்தியெடுத்துவிட்டு வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு.

"இன்னாடி கூத்து இது?"

"போன தடவ ஒரு நாள் காலைல கொமட்டல் நின்னுடுச்சிம்மா. தேறிட்டேன்னு சந்தோசமா காபி போட்டுக் குடிச்சேன். அப்பவே உள்ள உயிரில்ல, எனக்குத்தான் தெரியல. அதான் தெனமும் அரைச்சி மோந்து பாக்கறேன். வாந்தி வந்தா நிம்மதி."

நான் ஊரைச் சந்தேகப்பட்டேன். இவள் தன் வயிற்றையே சந்தேகப்பட்டுக்கொண்டு, அதையும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து நானே அரைத்துக் கொடுத்தேன். குடிப்பதில்லை என்றுதானே பொருத்தனை, முகர்வதைக் கர்த்தர் கணக்கில் வைக்கமாட்டார். மகள் வாந்தியெடுக்க, பக்கத்தில் நின்று "ஸ்தோத்திரம்" சொன்ன தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முறுகலாக ஒரு தோசை கூடப் போட்டேன். புரிந்துகொண்டார்.

ஒரு காலை, இழுப்பறையை முகர்ந்தவள் எழுந்து ஓடவில்லை. மறுபடி முகர்ந்தாள்.

"நல்லா வாசனையா கீதும்மா" என்றாள். இழுப்பறையை என் மூக்கருகே நீட்டினாள்.

அவர் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடிப் போய்க் கார் பிடித்து வந்தார். திருப்பதியில்தான் அவளுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரி. சந்திரகிரி தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன். மாதம் ஏற ஏற மசக்கை தானாகவே குறையும், என்னைப் பெற்றவளுக்கும் எனக்கும் அப்படித்தான் குறைந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் நகர்த்திவிட்டு, "பாகானே உந்தம்மா" என்று தெலுங்கில் சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறதாம். மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். திரையைத் திருப்பிக் காட்டியும் திறக்கவில்லை.

"போன தடவ நாயுடுபேட்டையிலயும் மொதல்ல இப்படித்தாம்மா சொன்னாங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பாத்து சொல்லு. நீதான் யார் சொன்னாலும் நம்பமாட்டியே."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில், கடுகளவுக்கு ஒன்று, விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்தார். கையமர்த்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"கீதும்மா" என்றேன். "நான் பாத்துட்டேன். கீது."

அவள் கண்ணைத் திறந்தாள்.