சோறு இருந்தும் சாப்பிடாத இருபத்திரண்டு பேர்

"ஏம்மா, எங்காளுக ஒருத்தனும் அசைய மாட்டேங்கான். குலுக்கை நெறைய நெல்லு கெடக்கு, திங்காம நிக்கானுவ."

திங்கட்கிழமையின் முதல் போன். யாரோ மேஸ்திரி நம்பர் மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, எங்கள் கஸ்டமர்தான்.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் ஒன்பது வருடம் சப்போர்ட்டில் குப்பை கொட்டினேன். கம்ப்யூட்டரில் ஒரு குட்டி ஊரை உண்டாக்கி, உழவு, சமையல், சுமை என்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கேம் அது. வேலையைச் சொன்னால் போதும், ஆட்கள் தாங்களாகவே செய்வார்கள். செய்யாமல் நின்றுவிட்டால் எனக்கு போன் வரும். இந்தக் கேம் இப்போது விற்பனையில் இல்லை. அந்த போன்கள் இல்லாத காலைகள் எனக்கு இன்னும் பழகவில்லை.

போன் செய்தவர் வத்திராயிருப்பு சண்முகையா. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, நெல்லும் தென்னையும் பார்ப்பவர்.

வழக்கமான மூன்று வைத்தியம்

சும்மா நிற்கிற ஆளின் வேலையை கேன்சல் செய்யச் சொன்னேன். ஆளைப் பிடித்து நாலு கட்டம் தள்ளி விடச் சொன்னேன். கேமை மூடித் திறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "செஞ்சாச்சு" என்று பரேடு குரலில் பதில் வந்தது. ஆட்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

எங்கள் டீம் லீட் கார்த்தி அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பாத் ஃபைண்டிங் பக், ஆளுக்கு வழி தெரியல. புது கேம் ஆரம்பிக்கச் சொல்லிட்டு டிக்கெட்ட மூடு" என்றார். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னேன்.

"எம் மகன் லீவுல வந்தப்ப ஆரம்பிச்ச ஊரும்மா. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லித்தான் பார்டருக்கு அனுப்பி வச்சேன். ஞாயித்துக்கெழம வாரான். வந்ததும் இதத்தான் கேப்பான்."

எங்கள் கேமில் செத்தவர் செத்தவர்தான். சேவ் செய்த பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. அதனால் அவர் கேமை பாஸில் போட்டு, ஓடாமல் நிறுத்தி வைத்தார். ஓட விட்டால் அன்றைக்கே ஊர் முழுக்கப் பட்டினியில் போய்விடும். புது கேம் என்று சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு லேப்டாப்போடு வரச் சொன்னேன். துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். டீக்கடை பாய் சார்ஜருக்கு பிளக் பாயிண்ட் கொடுத்தார்.

ஊரில் மொத்தம் இருபத்துமூன்று பேர். பட்டியலில் ஒவ்வொருவராக கிளிக் செய்து பசி அளவைப் பார்த்தேன். இருபத்திரண்டு பேருக்குச் சிவப்பு. முத்துக்குமார் என்ற ஒருவனுக்கு மட்டும் பச்சை. ஆனால் ஆளைக் காணோம். கட்டடங்களின் கூரையை மறைத்துப் பார்த்ததும் புரிந்தது. நெல் சேமிக்கும் குலுக்கை இருந்த அறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் காவல் நின்றான். காவல் உத்தரவில் இருப்பவன் யாருக்கும் வழிவிட மாட்டான். ஒரு கட்டத்தில் இரண்டு பேர் நிற்கவும் முடியாது. அவனுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் நெல். மற்றவர்களுக்கு உள்ளே போக வழியில்லை. போனில் நாங்கள் வெளியே நின்றவர்களையே நோண்டிக்கொண்டிருந்தோம்.

யார் இவனை இங்கே நிறுத்தியது என்று கேட்டேன்.

"நாந்தான். அறுத்த நெல்ல ஆளில்லாம விடுவோமா? நம்பிக்கையான ஆளா இருக்கட்டும்னு எம் மகன் பேர வச்சேன்."

அவர் ஊர்ப்பக்கம் களத்து நெல்லுக்குக் காவல் போடாமல் யாரும் கண் அசர மாட்டார்கள். போதாததற்கு, மாற்று ஆள் வராமல் காவல் நிற்கும் சென்ட்ரி நகரக் கூடாது என்பது அவருக்குப் பட்டாளம் சொல்லிக் கொடுத்த பாடம். எங்கள் கேமில் மாற்று ஆள் என்ற ஏற்பாடே கிடையாது. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

இவனை டெலீட் செய்துவிட்டு வேறு ஆளைப் போடலாம் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழிக்கவெல்லாம் வேண்டாம்மா. எந்த பட்டன்னு மட்டும் காட்டு."

காவலை எடுக்கிற பட்டனைக் காட்டினேன். பட்டன்மேல் விரலை வைத்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்து, "டூட்டி முடிஞ்சதுய்யா, வீட்டுக்கு வா" என்றார். அமுக்கினார்.

பாஸை எடுத்ததும் முத்துக்குமார் வாசலை விட்டு நகர்ந்தான். இருபத்திரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

புதிதாக சப்போர்ட்டுக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு ஆள் நின்றுவிட்டால் அவனை நோண்டாதீர்கள். யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு, எவன் எங்கே நிற்கிறான் என்று ஊர் முழுக்கத் தேடுங்கள்.

திங்கட்கிழமை, காவலுக்கு மாற்று ஆள் வரும் வசதி வேண்டும் என்று கார்த்தி அண்ணனுக்குப் படிவம் எழுதினேன். 'கேட்டவர் யார்' என்ற கட்டத்தில் கஸ்டமர் நம்பரைப் போட வேண்டும். நான், 'ஒரு சிப்பாயின் அப்பா' என்று எழுதினேன்.