சிரட்டைக்குள் ஒரு மெழுகுதிரி

கரவனெல்லக் கடையொன்றில் இன்று மெழுகு உருகும் வாசம் வந்ததும், முள்ளுத்தேங்காய் எனும் எண்ணெய்ப்பனைத் தோப்பாகிவிட்ட எங்கள் தோட்டத்துக் கல்லறைக்காடும், மழை சொட்டும் ரப்பர் மரங்களும், கல்லறைத் திருநாள்தோறும் அப்பாவின் குழிமேட்டில் நடந்த வழக்கும் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து வந்தன.

அப்பாவின் தங்கை, கத்தோலிக்க அத்தை, ரப்பர்பால் பிடிக்கும் சிரட்டைக்குள் மெழுகுதிரியை நட்டு ஏற்றுவாள். “அண்ணே இன்னும் மோட்சம் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்துல தவிக்குது, அண்ணி. நீங்களும் ஒரு செபம் சொன்னா சீக்கிரம் கரையேறிரும்.”

புராட்டஸ்டன்ட் மிஷன் கோயிலில் வளர்ந்த அம்மா அசையமாட்டாள். “இயேசுவ நம்புனாரு, கிருபையால அன்னைக்கே மோட்சம் சேந்துட்டாரு. பின்னால இன்ஜின் பூட்டி மலையேத்த அவரு என்ன ரம்புக்கனை ரயிலா?”

அப்பா தவிக்கிறாரா, சேர்ந்துவிட்டாரா என்று நான் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பேன். அத்தை செபமாலையை உருட்டத் தொடங்க, காற்று வரும். அம்மா செபத்தில் சேராமலே, சுடர் அணையாதபடி முந்தானையை விரித்துப் பிடித்து, அத்தை முடிக்கும்வரை நிற்பாள்.