சூறை விட என் காட்டுச் சரக்கு

ஆடித்தபசுத் திருவிழாவுக்காக இன்று மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர்.

"மடியில என்ன பை?"

"அம்மனுக்குச் சூறை விட, அண்ணாச்சி. எங்க காட்டுல வெளைஞ்சது."

விளைந்ததில் கொஞ்சத்தை, வீதியுலா வரும் அம்மன் சப்பரத்தின் மேல் வீசுவதுதான் சூறை. அண்ணாச்சி பைக்குள் எட்டிப் பார்த்தார். கம்பு, குதிரைவாலி, தட்டாம்பயறு, துவரை, கொஞ்சம் பருத்தி, மிளகாய் வத்தல்.

"ஊரே மக்காச்சோளத்துக்கு மாறியாச்சு. நீ இன்னும் காட்டுக்குள்ள பலசரக்குக் கடை நடத்துத."

பஸ்ஸே சிரித்தது. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் அண்ணாச்சி நேராக ஒரு கடைக்குப் போய், எல்லாத் தானியமும் கலந்த சூறை பாக்கெட் ஒன்று வாங்கினார்.

"ஏன் அண்ணாச்சி, உங்க மக்காச்சோளம் எங்க?"

"அது கோழித் தீவனத்துக்குப் போறதுல்லா. அதப் போயி அம்மன் மேல எப்படி எறிய?"

"அப்ப என் காட்டுச் சரக்க இனிமே கேலி பண்ணாதீங்க."

அவர் பாக்கெட்டைப் பிரிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

சப்பரம் வந்தது. என் கை வலிக்க வலிக்க வீசினேன்.

அடுத்த வருஷமும் காட்டுக்குள் பலசரக்குக் கடை திறந்திருக்கும். விதை வேண்டுமென்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன். அண்ணாச்சிக்கும் உண்டு. அவர் மட்டும் அதே பஸ்ஸில், அத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டும்.