டன்மோருக்கு ஆள் சேர்த்தவர்

டன்மோர் கல்லூரியின் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் முன்பு ஆறு பேர் இருந்தார்கள். இந்த வருடம் வெர்லிண்டா ஸ்ட்ரிக்லன் ஒருவர்தான். ஐம்பத்திரண்டு வயது. தன் சொந்தக் காரிலேயே அலபாமா மாநிலம் முழுக்கச் சுற்றுவார். பின்சீட்டில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் விரிக்க ஊதா நிறத் துணி, கட்டுக்கட்டாக விளம்பரத் தாள்கள்.

பள்ளிகளில் கல்லூரிக் கண்காட்சி நடக்கும்போது அவருக்குக் கழிப்பறைப் பக்கம்தான் இடம் கிடைக்கும். பெரிய பல்கலைக்கழகங்களின் மேசைகளில் கூட்டம் நெரியும். அங்கே நிற்க இடமில்லாமல் பின்வாங்கும் பிள்ளைகள் இவருடைய மேசையில் இடித்துக்கொண்டு, "சாரி மேம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் பள்ளியில் அன்று முழுவதும் அவரிடம் வந்த ஒரே ஆள் பேனா கேட்டு வந்தவன்.

ஆகஸ்டுக்குள் நூற்றிருபது புதுப் பிள்ளைகள் சேராவிட்டால் கல்லூரி திறக்காது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஜூன் முதல் ஞாயிறு எங்கள் திருச்சபைக்கு வந்தபோது அவரிடம் எண்பத்திரண்டு பெயர்கள் இருந்தன.

அன்று, பள்ளி முடித்த நாங்கள் ஒன்பது பேர் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாகப் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்றோம். எங்கே படிக்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் மைக்கில் சொல்ல வேண்டும். ஏழு பேர் மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சொன்னார்கள். ஒருவன் ராணுவம் என்றான். எனக்கோ ஆறு மாதமாக வாரத்துக்கு ஒரு மனசு. "நர்ஸிங். எங்கேன்னு இன்னும் தெரியலை" என்றேன். கைதட்டல் கொஞ்சம் தணிந்துதான் வந்தது.

பிறகு விருந்தினருக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். வெர்லிண்டா எழுந்தார்.

"டன்மோர்ல படிச்சவங்க எல்லாம் எழுந்திரிங்க, பாப்போம்!"

சபையில் பாதி எழுந்தது. சபைப் பெரியவர் டீக்கன் ப்ரூயிட் கைத்தடியை மேலே தூக்கிக் கல்லூரிக் கோஷத்தை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் கூரை அதிரக் கூவினார்கள்.

"டீக்கனோட இடுப்பு வலி எங்க போச்சுன்னு கேளுங்கப்பா!" என்றது ஒரு பெண் குரல். சபையே சிரித்தது.

அத்தோடு வெர்லிண்டா உட்கார்ந்திருக்கலாம். எல்லாச் சபையிலும் அப்படித்தான் செய்வாராம். அன்று விடவில்லை.

"அப்படியே நில்லுங்க. பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ இப்ப டன்மோருக்கு அனுப்பியிருக்கிறவங்க நில்லுங்க. மத்தவங்க உட்காரலாம்."

பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. கடைசியாக டீக்கனும் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்தது வெர்லிண்டா மட்டும்தான்.

"ஏம்மா சிஸ்டர், உன் மக ஜமாயா எங்க படிக்கிறா?" என்று டீக்கன் கேட்டார்.

"மாநிலப் பல்கலைக்கழகத்துல, ஐயா. என்ஜினியரிங்."

"டன்மோர் என்னாச்சு?"

"டன்மோர்ல என்ஜினியரிங் இல்லைங்கய்யா."

"ஓ! அப்ப எங்க பேரப்பசங்களுக்கு மட்டும் இருக்குதாக்கும்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் பாடகர் குழுவுக்குக் கண்ணைக் காட்டினார். பாட்டு தொடங்கிவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். வெர்லிண்டா நடைவழியில் மேசையை விரித்து உட்கார்ந்திருந்தார். கோழி வறுவல் தட்டுகளோடு அந்த வழியாகப் போனவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் போய் எதிரில் நின்றேன். விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நர்ஸிங்னு தானே சொன்ன, கண்ணு?"

"ஆமா மேம்."

நகர்த்திய தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இருந்துச்சு. பாடம் எடுக்க ஆள் கிடைக்காம ரெண்டு வருஷம் முன்னாடி மூடிட்டாங்க. உயிரியல் இருக்கு. அதை முடிச்சுட்டு நீ..." பாதியில் நிறுத்திவிட்டார்.

"முடிச்சுட்டு?"

"வேணாம். நாலு வருஷம் போயிடும், அப்புறமும் முதல்லேருந்து படிக்கணும். வேற பிள்ளைகிட்ட இதுலயே சேருன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுச் சொல்ல வரல."

வேறு இரண்டு கல்லூரிகளின் பெயர்களைத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்றில்தான் இப்போது படிக்கிறேன்.

ஆகஸ்டில் எண்ணிக்கை நூற்றொன்றில் நின்றது. டன்மோர் திறக்கவில்லை. அந்த நூற்றொரு பிள்ளைகளுக்கும் செய்தி சொல்லும் வேலையும் வெர்லிண்டா தலையில்தான் விழுந்தது. செய்தியோடு விட்டுவிடாமல், ஒவ்வொருவருக்காகவும் மற்ற கல்லூரிகளைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். தொண்ணூற்றாறு பேருக்கு இடம் கிடைத்தது. ஐந்து பேர் போனை எடுக்கவே இல்லை.

கல்லூரியின் தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதனால் வெர்லிண்டா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் கைபேசியிலிருந்து அந்த ஐந்து பேரையும் தினமும் கூப்பிடுகிறார் என்று, எனக்குப் பிறகு பழக்கமான அவர் மகள் ஜமாயா சொன்னாள். தெரியாத எண் என்று அவர்கள் எடுப்பதில்லை.