ஜெயசீலன் அண்ணை இடிக்காத மேடை

ரெக்ஸ்டேலில் பஸ்ஸுக்கு நின்றபோது சேதி வந்தது. "விமலா, ஜெயசீலன் அண்ணை விடியப் போயிட்டார்." சபைச் செயலாளர் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். வந்த பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். ஏறி எங்கே போவதென்று தெரியவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைச் செவ்வாய்க்கிழமை வேதப் பாடத்தில்தான் பழக்கம். சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் இருந்த மாடிக் கட்டடத்தின் கீழ்த்தள அறையில், ஈரச் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு வட்டமாக இருப்போம். இரண்டு பனிக்காலம் முழுக்க பழைய ஏற்பாட்டு ராஜாக்களையே நடத்தினார். எனக்கு அலுத்தே போய்விட்டது. "அண்ணை, எல்லா ராசாவும் ஒரே மாதிரித்தானே கெட்டுப்போறாங்கள், வேறை ஏதும் எடுங்கோவன்" என்று கேட்டே விட்டேன். சிரித்தார். "ஒரே மாதிரிக் கெடுறதாலைதான் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டிக்கிடக்கு."

அவர் அடிக்கடி சொன்னது இது: "அவையள் ஆண்டவரை விட்டிட்டு ஓடேல்லை. கோயிலுக்குப் போனவை, பலியும் குடுத்தவை. பக்கத்துச் சனம் தங்கடை சாமியளைக் கும்பிட்ட மேடையையும் மலையிலை விட்டுவைச்சவை. அவ்வளவுதான்." ஒவ்வொரு ராஜாவின் முடிவிலும், "நல்லவன்தான், மேடையை இடிச்சவனோ?" என்று கேட்பார். "இல்லை" என்போம் எல்லோரும்.

நாங்கள் வீடு குடிபுகுந்தபோது நல்ல நேரம் பார்த்து ஒன்பது மணிக்குள் பால் காய்ச்சியதும் அவர் காதுக்கு எட்டிவிட்டது. "ஏன் விமலா, ஒன்பது மணிக்குப் பிறகு ஆண்டவர் லீவோ?" சபையே சிரித்தது. எனக்கு வெட்கமாகிப் போயிற்று.

பிறகு அவருடைய மகள் ரூபியின் கலியாணக் காரியம் வந்தது. பையன் எங்கள் சபைதான், ஆராதனையில் கிற்றார் வாசிப்பவன். அண்ணைக்கு அவன்மேல் உயிர். ஆனால் மார்க்கம் நகரிலிருந்து அவருடைய தமக்கை போன் எடுத்துக் கேட்டாராம்: "அவையள் என்ன ஆக்கள்?" சாதியை நாங்கள் அப்படித்தான் கேட்போம், வாய் கூசாமல்.

அன்று பாடம் முடிந்து எல்லோரும் போனபின், கதிரைகளை அடுக்கியபடியே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "விமலா, உம்மடை சொந்தங்கள் அவன்ரை ஊர்ப் பக்கம் இருந்தவைதானே. பெடியன்ரை ஆக்களைப் பற்றி ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும்."

"அண்ணை, நீங்களோ இதைக் கேக்கிறியள்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். "ஓம் அண்ணை" என்றேன். பெரியம்மாவின் மகளுக்குப் போன் எடுத்தேன். ஐந்து நிமிடம்தான். அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"ஜெபிச்சுப் பாத்தன், மனதிலை சமாதானம் இல்லை" என்று அவர் ரூபியிடம் சொல்லிவிட்டார். அவள் சூட்கேசோடு வீட்டைவிட்டு வெளிக்கிட்டாள். பையனும் சபைக்கு வருவதை நிறுத்தினான். அடுத்த செவ்வாய், அண்ணை ராஜாவின் கதையை முடித்தார், மேடையை இடிச்சவனோ என்ற கேள்வியைக் கேட்கவில்லை. அதோடு பாடமும் நின்றது. உடம்புக்கு ஏலாது என்றார். நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தார். "ரூபியிட்டைப் போய்ச் சொல்லும்."

"என்னத்தை அண்ணை?"

மூச்சு வாங்கியது. "தெரியேல்லை" என்றார். எனக்கும் தெரியவில்லை. கையை விடாமல் இருந்தேன், வேறு என்ன செய்ய?

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று ரூபி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்பா ஆரையோ வைச்சு செக் பண்ணினவர் எண்டு எனக்குத் தெரியும். ஆர் அன்ரி அது?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டாள்.

"தெரியாது பிள்ளை" என்றேன். அவர் அங்கே கிடக்க, பக்கத்தில் நின்றே சொன்னேன். கடவுளே!

அவருடைய குரலும் பகிடியும் பாடக் குறிப்புகளும் உங்களுக்கு மிஞ்சியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த அந்தக் காரியம்தான்.

ரூபி, நீ இதை வாசித்தால், விசாரித்தது நான்.