டேப்பின் கடைசி மூன்று நிமிடம்

அந்த ஆல்பத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் வெளியிட்டவன் நான்தான். சிரிக்காதீர்கள். எண்பதுகளின் கடைசியில் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். என்னை விட்டால் வேறு யார் வெளியிட்டிருக்க முடியும்?

கேசட் என் கைக்கு வந்த கதை சின்னது. கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவர் தேக்கடிக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போவார். அவர்களில் ஒருவன் ஜீப்பில் மறந்துவிட்டுப் போனதைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். "இதை அழிச்சிட்டு நல்ல பாட்டாப் பதிஞ்சு குடுங்க. போட்டா ஜீப்பே நடுங்குது."

அழிக்குமுன் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே என்று போட்டேன். அவ்வளவுதான், ஆள் காலி. இரண்டு கிடார், தலைதெறிக்க ஓடும் டிரம், தொண்டை கிழியக் கத்தும் ஒருவன். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் என்ன சந்தோஷம், என்ன சந்தோஷம்! இந்த வகைக்கு த்ராஷ் மெட்டல் என்று பெயர் என்பதே பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். டிரைவருக்குப் புதுக் கேசட் ஒன்றில் அவர் கேட்டதைப் பதிந்து கொடுத்துவிட்டு, இதை நான் அமுக்கிக்கொண்டேன்.

பிடித்த பாட்டைத் தனியாக எத்தனை நாள் கேட்பது? கூடச் சேர்ந்து தலையாட்ட இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு ஆள் வேண்டும், அதற்காகப் பேயாக அலைந்தேன். கடை வாசலில் சத்தமாக வைத்தேன். பக்கத்து சலூன்காரர் சவரக் கத்தியோடு வந்து நின்றார். 'முழு ஆல்பம் வேண்டுவோர் உள்ளே கேட்கவும்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். உள்ளே வந்து கேட்ட ஒரே ஆள், கம்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். பட்டியல் முடிந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு டேப் மிச்சமிருக்கும். அதைச் சும்மா விட்டால் கடைக்கு மரியாதை இல்லை. நம் விருப்பத்துக்கு ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்புவோம். டேப் தீரும் இடத்தில் அந்தப் பாட்டும் பாதியில் அறுந்துவிடும், யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. நான் என் ஆளைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைத்தேன். சாமி பாட்டோ, கல்யாணப் பாட்டோ, சோகப் பாட்டோ, எந்தக் கேசட்டானாலும் வாலில் அவன் கத்துவான்.

ஒரே வாரத்தில் விமர்சனங்கள் வந்துவிட்டன. முதலில் வந்தவர் பிரைவேட் பஸ் டிரைவர்.

"கியர்பாக்ஸ் போச்சுன்னு வண்டிய உத்தமபாளையத்துல ஓரங்கட்டிட்டேன்யா. பாசஞ்சர் அம்புட்டுப் பேரும் எறங்கி நின்னாக. கீழ படுத்துப் பாத்தா சத்தத்தைக் காணோம். மேல ஏறுறேன், கண்டக்டர் பய கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கான்!"

அடுத்து தேனி பஜாரிலிருந்து ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் இதற்காகவே பஸ் ஏறி வந்துவிட்டார். "கீர்த்தனை முடிஞ்சு வீட்டுல எல்லாரும் கண்ண மூடி ஜெபத்துல இருக்கோம். திடீர்னு அவன் வந்துட்டான்."

"யாரு அண்ணாச்சி?"

"ஜெபத்துல அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

கடைக்கு முதல் போட்டவர் என் தாய்மாமா. திராட்சைத் தோட்டக்காரர், தோட்டத்தில் வேலை இல்லாத நேரமெல்லாம் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அண்ணாச்சி போனதும் பேப்பரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, இருக்குற வாடிக்கையையும் வெரட்டிட்டு யாருக்குடா கடை நடத்தப் போற?"

"பிடிக்கிற ஆளுக வருவாக மாமா."

"வருவாகளா? சரி. வீரபாண்டித் திருவிழா வரைக்கும் தவணை. ஒரே ஒரு ஆளு, தானா வந்து, நல்லாருக்குன்னு சொல்லட்டும். நான் வாயத் தொறக்கல. இல்லையின்னா அந்தக் கேசட்டை ஓங் கையாலயே அழிக்கணும். ஒளிச்சுக் காப்பி எடுக்க மாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணு."

ரோஷத்தில் பண்ணித் தொலைத்தேன்.

திருவிழாவும் வந்தது, ராட்டினத்தையும் கழற்றினார்கள். ஒரு ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். மேலே பதிந்தது மாமாவுக்குப் பிடித்த நாதஸ்வரக் கச்சேரி. ஒவ்வொரு தவில் அடியும் என் நெஞ்சில் விழுந்தது. மீசை வைத்த ஆம்பளை, ஒரு கேசட்டுக்காகக் கடையின் பின்பக்கம் போய் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் காலை மார்க்கையன்கோட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார். மாவு மில் நடத்துகிறவர், புருவமெல்லாம் மாவு. கையில் நான் பதிந்து கொடுத்த கல்யாணப் பாட்டுக் கேசட். இன்னொரு புகார் என்று நினைத்து, திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

"தம்பி, மில்லு ஓடுறப்ப ஒரு பாட்டும் காதுல விழாது. இதுல கடைசியில ஒரு பய கத்துறான் பாரு, அவன் ஒருத்தன்தான் பெல்ட்டுச் சத்தத்தைத் தாண்டிக் கேக்குறான். தெனமும் அதை மட்டும் சுத்திச் சுத்திப் போடுறேன்."

மாமா பேப்பரை மடித்தார்.

"ஆனா பாதியில நின்னு போகுதே. நல்லாக் கத்திக்கிட்டு இருக்கான், டக்குனு ஆளைக் காணோம். கடைசியில அந்தப் பயலுக்கு என்னதான் ஆச்சு? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

ஊரெல்லாம் கேசட்டுகளின் வாலில் அவன் இருக்கிறான். எல்லாம் தொடக்கம்தான். முடிவு இருந்த ஒரே கேசட்டில் இப்போது தவில் அடிக்கிறார்கள்.

"ஒண்ணும் ஆகலக்கா, நல்லாத்தான் இருக்கான்" என்றேன். சொன்னால் மட்டும் அவர் மனசு ஆறாது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வருவது வரட்டும் என்று மேஜையில் இரண்டு கையாலும் டிரம் அடித்து, வாயாலேயே கிடாரை உறுமி, அவன் கத்துவதுபோலவே கத்தினேன். சலூன்காரர் மறுபடியும் கத்தியோடு வந்து நின்றார். நான் நிறுத்தவில்லை. அந்தப் பாட்டின் கடைசியில் வாசிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓடிவந்து ஒரே அடியாக நிறுத்துவார்கள். அந்த அடியை அடித்தேன், மேஜையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

அக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டார். "அப்பாடா. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சுப் பயந்துட்டேன். நல்லாருக்கு தம்பி. ரொம்ப நல்லாருக்கு. இதையும் சேத்துப் பதிஞ்சு குடு."

நான் மாமாவைப் பார்த்தேன். ஒரு நாள் மாமா, ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாமே! அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் புதுக் கேசட் ஒன்றைப் பிரித்து ரெக்கார்டரில் செருகினார். மைக்கை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். சிவப்பையும் பிளேயையும் இந்தத் தடவை அவரே சேர்த்து அமுக்கினார்.

"ம், கத்து மாப்ள" என்றார்.