பொழுதோடு அடைத்த கடை

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு உரம், பூச்சிமருந்துக் கடை. பிள்ளைகள் படிக்க வெளியூர் போன பிறகு நானும் கல்லாவில் உட்கார ஆரம்பித்தேன். விடிந்ததும் திறந்தால், தெரு அடங்கும் வரை அடைக்க மாட்டார் என் வீட்டுக்காரர். கேட்டால், "கடை தொறந்து கெடந்தாத்தான யாவாரம்" என்பார். விளக்கு வைத்த பிறகு எங்கே நடந்தது வியாபாரம்? முதலாளி எழுந்திருக்காமல் எப்படிக் கிளம்புவது என்று கடையாட்கள் இருவரும் அடுக்கிய பெட்டியையே இறக்கி, மறுபடி அடுக்குவார்கள். ஆட்கள் என்ன சுறுசுறுப்பு என்று இவர் பூரித்துப்போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இருட்டிய பிறகு பரளச்சியில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வந்தார்; எங்களுக்கு வாடிக்கைக்காரர். மக்காச்சோளக் குருத்தில் புழு விழுந்துவிட்டது, மருந்து வேண்டும் என்றார். வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அலமாரியைத் துடைத்த கடையாள், "அண்ணாச்சி, புழு மருந்து வித்த மாதிரியே இல்ல. களைக்கொல்லியிலதான் ஒண்ணு கொறையுது" என்றார். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டில். களைக்கொல்லியை அடித்தால் களையோடு சோளமும் கருகிப்போகும். மழையை மட்டும் நம்பி விதைத்த வெள்ளாமை அது. போன் போட்டால் சம்சாரி எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் சரியான மருந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினோம். வேறு நாளாக இருந்தால் நான் திட்டித் தீர்த்திருப்பேன். அன்று எனக்குப் பயம்தான் இருந்தது, கோபத்துக்கு இடமில்லை.

சம்சாரி வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சோளம் பச்சைப் பசேலென்று நின்றது. பாட்டில் மூடிகூடத் திறக்காமல் பையில் இருந்தது.

"இன்னைக்கு அட்டமியில்ல மதினி? நாளைக்கு அடிக்கலாம்னு இருக்கேன். எதுக்கு இப்பிடி வேர்த்து விறுவிறுத்து வாரீக?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் பாட்டில் மாறிப்போனதைச் சொல்லி, சரியான மருந்தைக் கையில் கொடுத்தார். சம்சாரி எழுந்துபோய்ப் பயிரைத் தடவிப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "நல்ல வேள, நல்ல வேள" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் கடையை அடைத்துவிடுகிறோம். வியாபாரம் குறையவில்லை. வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாக வருகிறார்கள், அவ்வளவுதான். முன்பு இழுத்துக்கொண்டே கிடந்த வேலையெல்லாம் பகலிலேயே முடிந்துவிடுகிறது. கடையாட்கள் சட்டையை மாற்றிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். இதை நான் எத்தனையோ தடவை சொன்னேன், யார் கேட்டார்கள்!

ஆனால் அப்படி அடைத்த முதல் நாள் சாயங்காலம் நடந்ததுதான் கூத்து. எங்கள் பஜாரில் ஒரு கடை பொழுதோடு அடைத்தால், யாரோ இறந்துபோய், துட்டி வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஷட்டர் பாதி இறங்கியதுமே எதிர்க் கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னண்ணாச்சி, வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார் வீட்டுக்காரர். "அதான் அடைக்கேன்."